அத்தியாயம் 5: களைத்த நாளிலும் சத்தான சாப்பாடு

எது சத்து, யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இப்போது அடுத்த கேள்வி: தெரிந்திருந்தும் ஏன் முடிவதில்லை?

கீரையும் பயறும் நல்லவை என்று தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் கீரையை ஆய நேரம் இருப்பதில்லை. பயறு ஐந்து விசில் வைத்தும் வேகாமல் கிடக்கிறது. ரேஷன் அரிசியில் வாடை அடிக்கிறது. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். மாலையில் பசித்தால் கைக்கெட்டும் தூரத்தில் பஜ்ஜிதான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சிறிய தொல்லைகள். ஒரே நாளில் நான்கு சேர்ந்தால், வெறும் ரசமும் அப்பளமும் போதும் என்று மனம் சொல்லிவிடும்.

வருமானமே போதாத வீட்டுக்கு இந்த அத்தியாயம் பணத்தைக் கொண்டுவராது. ஆனால் இருக்கும் பணம் இந்தத் தொல்லைகளால் வீணாகாமல் தடுக்க முடியும். அதற்கு ஒரு விதி போதும்: உங்கள் சமையல் திட்டத்தை நல்ல நாளை வைத்துப் போடாதீர்கள், மிகவும் களைத்துப்போகும் நாளை வைத்துப் போடுங்கள். அந்த நாளில் சத்தான சாப்பாடே சுலபமான சாப்பாடாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா வழிகளுக்கும் இதுதான் அடிப்படை.

1. "ரேஷன் அரிசியைச் சாப்பிட முடியவில்லை"

ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதை வாடைக்காகவும் வண்டுக்காகவும் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடையில் பொன்னி வாங்கும் குடும்பங்கள் ஏராளம். பருப்புக்கும் முட்டைக்கும் போக வேண்டிய பணம் இப்படித்தான் அரிசிக்குப் போய்விடுகிறது.

அரிசி வந்த அன்றே நிழலில் பரப்பிப் புடைத்து, ஈரமில்லாத டப்பாவில் காய்ந்த வேப்பிலையோ வற்றல் மிளகாயோ போட்டு மூடிவையுங்கள். சமைக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் வாடை பெருமளவு குறையும். அப்படியும் சோறாகப் பிடிக்கவில்லையென்றால் இட்லி, தோசை மாவுக்கு அதை ஒதுக்குங்கள். உளுந்தோடு சேர்ந்து புளித்த பிறகு வாடை தெரியாது. சோற்றுக்குப் பாதி ரேஷன் அரிசி, பாதி கடை அரிசி என்று கலந்தாலும் செலவு பாதியாகிவிடும்.

புழுங்கல் அரிசி கிடைத்தால் அதையே விரும்பி வாங்குங்கள். நெல்லை வேகவைக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியில் அது தீட்டும்போதே போய்விடும்.

ரேஷன் அரிசியைக் கழுவும்போது நிறம் மாறிய சில மணிகள் மிதப்பதைப் பார்த்து, பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிபவர்கள் உண்டு. தயவுசெய்து எறியாதீர்கள். அவை செறிவூட்டிய மணிகள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலக்கிறார்கள். இந்த அரிசியைத் தேய்த்துத் தேய்த்துப் பலமுறை கழுவ வேண்டாம். அளவான நீரில் வேகவைத்தால் சத்து சோற்றிலேயே தங்கும். வடிப்பதுதான் பழக்கம் என்றால் கஞ்சியைக் கீழே ஊற்றாதீர்கள். உப்பு போட்டுக் குடிக்கலாம், ரசத்துக்கோ குழம்புக்கோ சேர்க்கலாம்.

அட்டைக்கு உரிய துவரம்பருப்பும் (கிலோ 30 ரூபாய்) பாமாயிலும் (லிட்டர் 25 ரூபாய்) கடை விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைப்பவை. "சரக்கு இன்னும் வரல" என்ற பதிலோடு ஒரு மாதம் கழிந்தால் இழப்பு உங்களுக்குத்தான். மாத இறுதிவரை காத்திருக்க வேண்டாம். கடையில் சரக்கு வரும் நாளை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலோ எடை குறைந்தாலோ 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

2. "பருப்பும் பயறும் வேக நேரமும் கேஸும் ஆகிறது"

முதலில் ஒரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதமும், 65 கிலோ எடையுள்ள ஆணுக்குச் சுமார் 54 கிராமும் வேண்டும். 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் ஏறக்குறைய 22 கிராம் கிடைக்கும். நான்கு பேருக்கு 100 கிராம் பருப்பில் சாம்பார் வைத்தால் தலைக்கு 5 அல்லது 6 கிராம்தான். மீதி எங்கிருந்து வரும்? வயிறு நிறைந்தும் உடல் தேறாததற்குக் காரணம் பல வீடுகளில் இந்த இடைவெளிதான். பயறு, முட்டை, வேர்க்கடலை, மீல்மேக்கர், சிறு மீன் ஆகியவையே குறைந்த செலவில் அதை நிரப்புபவை. மீல்மேக்கரில் பாதி எடை புரதம். 50 கிராம் சேர்த்தாலே குருமாவில் 25 கிராம் புரதம் கூடிவிடும்.

இனி வேகாத தொல்லைக்கு வருவோம். முழுப் பயறு வேகாமல் போக மூன்று காரணங்கள் உண்டு. பழைய சரக்கு ஒன்று. உப்புத் தண்ணீர், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீர், இன்னொன்று. வேகும் முன்பே புளியோ தக்காளியோ சேர்ப்பது மூன்றாவது. எனவே ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். பயறு மசிந்த பிறகே புளி ஊற்றுங்கள். கடையில் ஒரே நேரத்தில் அதிகம் வாங்காமல், ஓட்டம் அதிகமுள்ள கடையில் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

இரவு படுக்கும் முன் ஒரு பாத்திரத்தில் பயறை ஊறப்போடுவதை வாசல் கதவைத் தாழிடுவது போல ஒரு வழக்கமாக்குங்கள். எட்டு மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் ஆகும் கேஸ், ஊறாதவற்றுக்கு ஆவதைவிட வெகு குறைவு. குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்துவிடுங்கள். பெரிய தீயில் விசில் அடிப்பதெல்லாம் வீணாகும் ஆவிதான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், வேகவைத்த பயறு கோடையில் மாலைக்குள் நொந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு நாளுக்கான பச்சைப்பயறை ஒன்றாக ஊறவையுங்கள். பாதியை இன்று சமையுங்கள். மீதியை ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நாளைக்கு முளைப்பயறு தயார். அதை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவது பாதுகாப்பு.

3. "கீரை ஆய நேரமில்லை, வாங்கினால் வாடிவிடுகிறது"

கீரை மலிவு, ஆனால் அதற்கு விலையாக நேரத்தைக் கேட்கிறது. இந்தத் தொல்லையை மூன்றாகப் பிரித்துக் கையாளலாம்.

முருங்கைக்கீரைதான் ஆய்வதற்குச் சலிப்பானது. கொத்துகளை மாலையில் ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலைகள் பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்திருக்கும்.

சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரைக் கட்டுகளை வாங்கியதும் கழுவாதீர்கள். வேரோடு இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் வேர் மட்டும் நனையும்படி நிறுத்திவையுங்கள். வேர் இல்லாவிட்டால் ஈரத் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அச்சு மையில் உள்ள வேதிப்பொருட்கள் உணவில் ஏறும் என்பதால், உணவை அதில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. முளைக்கீரைத் தண்டை வெட்டி எறியாமல் சாம்பாரில் போட்டால் ஒரே கட்டில் இரண்டு வேளைக் காய் கிடைக்கும்.

மூன்றாவது, கீரைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். ஒரு கைப்பிடி கீரையைப் பருப்போடு போட்டுக் கடையுங்கள், அடை மாவில் கலக்குங்கள், முட்டைப் பொரியலில் சேருங்கள். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த நன்மை குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாலைச் சந்தையில் கூறு கட்டி விற்கும் காய்கள் மலிவாகத்தான் இருக்கும். அடியில் அழுகல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். வாங்கினால் அன்றிரவே சமைத்துவிடுங்கள். அருகில் உழவர் சந்தை இருந்தால் அங்கே காலையில் போங்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதலில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போடுவார்கள். பேரம் பேசத் தயங்குபவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

4. "விலை ஏறினால் திட்டம் குலைந்துவிடுகிறது"

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்கு விற்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. இப்படி ஏதாவது ஒரு பொருள் ஒவ்வொரு ஆண்டும் எட்டாத உயரத்துக்குப் போகும். பொருளின் பெயரை வைத்துச் சமைக்காமல் அது குழம்பில் செய்யும் வேலையை வைத்துச் சமைத்தால் இதைத் தாண்டிவிடலாம்.

தக்காளியின் வேலை புளிப்பு. புளி, மாங்காய், எலுமிச்சை, கடைந்த மோர் எல்லாம் அதைச் செய்யும். தக்காளி விலை இறங்கும்வரை மோர்க்குழம்பும் புளிக்குழம்பும் பருப்பு ரசமும் போதும். பீன்ஸும் கேரட்டும் ஏறினால் பூசணி, சுரை, புடலை, கொத்தவரை, முள்ளங்கி இருக்கின்றன. இவையும் சத்துள்ள காய்கள்தான். கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் மலிந்த காலத்தில் வற்றல் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் கைகொடுக்கும்.

மீனுக்கும் இதே கணக்கு. வஞ்சிரத்தைத் தேட வேண்டாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவை மலிவு. நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் சேரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது விலை ஏறும். அந்த இரண்டு மாதங்களுக்கு முட்டையும் பயறும் என்று முன்பே முடிவு செய்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

முட்டையில் நாட்டுமுட்டை மட்டும்தான் நல்லது என்ற பேச்சால் பலர் முட்டையையே விட்டுவிடுகிறார்கள். வெள்ளை முட்டை ஒன்றிலும் சுமார் 6 கிராம் தரமான புரதம் இருக்கிறது. ஒரு நாட்டுமுட்டை வாங்கும் பணத்தில் கிடைக்கும் இரண்டு வெள்ளை முட்டைகளே உங்கள் பிள்ளைக்கு அதிகம் தரும்.

5. "மாலைப் பசியில் எல்லாம் போய்விடுகிறது"

காலை எட்டுக்கும் மதியம் ஒன்றுக்கும் ஒழுங்காகச் சாப்பிட்டவரையும் மாலை ஐந்து மணி தடுக்கிவிடும். டீக்கடை வடையும் பிஸ்கட் பாக்கெட்டும் அப்போதுதான் வாங்கப்படுகின்றன. இங்கே மனவுறுதியை நம்பாதீர்கள். பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) 7 கிராம் புரதம் தரும். அவித்தோ வறுத்தோ சிறு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதையும் தின்ன வேண்டாம், அதில் பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும். பொட்டுக்கடலையோடு ஒரு துண்டு வெல்லம், ஒரு வாழைப்பழம், காலையில் எடுத்துவைத்த சுண்டல் ஆகியவை எதுவும் வடையைவிட அதிகச் செலவு இல்லை. டீ வேண்டுமென்றால் குடியுங்கள், "அண்ணே, சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

வீட்டில் எண்ணெய்க் கணக்கும் இதோடு சேர்ந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காட்டும் அளவு தலைக்கு நாளொன்றுக்கு 27 கிராம் அளவில் வருகிறது. நால்வர் குடும்பத்துக்கு அது மாதம் மூன்றரை லிட்டர். மாதத் தொடக்கத்தில் அந்த அளவை ஒரே பாத்திரத்தில் எடுத்துவைத்தால், யாரும் சொல்லாமலே பொரிப்பது குறையும்.

6. "சத்துப் பொருட்கள் எல்லாம் விலை அதிகம்"

விளம்பரம் சொல்லும் சத்துப் பொருள்தான் விலை அதிகம், சத்து அல்ல. ஓட்ஸ் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பதைப் போலப் பல மடங்கு. வாரம் மூன்று நாள் களி, கூழ், அடை, தோசை என்று எதிலாவது கேழ்வரகைச் சேருங்கள். தினை, சாமை, வரகு நல்லவைதான். ஆனால் அவற்றை வாங்குவதற்காகப் பருப்பைக் குறைத்தால் லாபமில்லை.

ஆப்பிளுக்குப் பதிலாகக் கொய்யா வாங்குங்கள். வைட்டமின் சியில் அதற்கு ஆப்பிள் பக்கத்தில்கூட வர முடியாது. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், அளவு கூடினால் அதே கெடுதல்தான். பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் பவுடர் பானங்களைப் பற்றி ஒன்று: 'ஹெல்த் டிரிங்க்' என்று சட்டத்தில் ஒரு வகையே இல்லை என்று சொல்லி, இணைய விற்பனைத் தளங்கள் அந்தத் தலைப்பிலிருந்து அவற்றை நீக்கவேண்டும் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது. அந்த டப்பாவுக்கான பணத்தில் முட்டை வாங்கலாம்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் குழந்தை துப்பிவிடுகிறது என்று மூலையில் போடாதீர்கள். கொஞ்சம் வறுத்து, தேங்காய்த் துருவல் சேர்த்துக் கொழுக்கட்டை பிடியுங்கள். வெங்காயமும் கீரையும் சேர்த்து அடையாகத் தட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அது உரியது.

7. "வீட்டில் யாரும் ஒத்துழைப்பதில்லை"

"இன்னிக்கும் கீரையா?" என்ற ஒரு கேள்வி, அரைமணி நேரம் ஆய்ந்தவரின் மனத்தை ஒடித்துவிடும். இரண்டு விதமாகச் சமைப்பது தீர்வல்ல, பணமும் உடம்பும் தாங்காது. பிடித்த பண்டத்தை நிறுத்தாமல் அதற்குள்ளேயே மாற்றத்தைக் கொண்டுவாருங்கள். பிள்ளைக்குத் தோசை பிடித்தால் தோசை மாவில் பயறு அரையுங்கள். மாமனாருக்கு ரசம் இல்லாமல் முடியாது என்றால் ரசத்தில் பருப்புத் தண்ணீர் கூட்டுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். பள்ளியில் மதிய உணவோடு முட்டை கிடைக்கிறது, தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. பிள்ளை அதைச் சாப்பிடுகிறதா என்று தினமும் கேளுங்கள். வீட்டுக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொண்டால் இரவுக்கு மட்டும் யோசித்தால் போதும்.

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமானது ஒன்று உண்டு. சமைத்தவர் கடைசியில் சாப்பிடும் வழக்கம். குழம்பின் அடியில் இருக்கும் தண்ணீரும் மிஞ்சிய சோறும்தான் அவருக்கு வரும். முட்டையும் மீன் துண்டும் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேற்பட்டவர்கள். பரிமாறும் முன்பே சமைத்தவருக்கான பங்கை, பருப்பு, காய், முட்டையோடு, ஒரு தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். இதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை. வீட்டில் உள்ள ஆண்களே இதைச் செய்யத் தொடங்கினால் இன்னும் நல்லது.

8. "என்னிடம் அடுப்பே இல்லை"

மேன்ஷனிலும் பகிர்ந்த அறையிலும் தங்கியிருப்பவர்களுக்கு மெஸ் சாப்பாடுதான். மெஸ்ஸில் சோறு அளவில்லாமல் கிடைக்கும், காயும் பருப்பும் கரண்டியளவுதான். எனவே சோற்றைக் குறைத்துவிட்டு, மற்றதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்: அவித்த முட்டை, வெள்ளரி, கொய்யா, ஒரு கப் தயிர், வேர்க்கடலை. இவற்றில் எதற்கும் அறையில் அடுப்பு வேண்டாம். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்றுதான் விலை வைத்தார்கள். அங்கே சாப்பிட்டு, மிச்சமாகும் பணத்தில் முட்டையும் பழமும் வாங்குவது நல்ல ஏற்பாடு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். உங்களை அதிகம் படுத்தும் தொல்லை எது என்று முதலில் பாருங்கள்.

- களைப்பே தொல்லை என்றால்: தினமும் இரவு ஒரு ஆழாக்குப் பயறு ஊறவையுங்கள்.
- பணமே தொல்லை என்றால்: ரேஷன் அரிசியை இட்லி மாவுக்குத் திருப்பி, மிச்சமாகும் பணத்தில் முட்டை வாங்குங்கள்.
- மாலைப் பசி என்றால்: வேர்க்கடலை டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.
- வீட்டாரின் முணுமுணுப்பு என்றால்: அவர்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பண்டத்தில் மட்டும் மாற்றம் செய்யுங்கள்.
- எல்லா வீட்டுக்கும்: சமைத்தவர் பங்கை முதலில் எடுத்துவையுங்கள்.

ஒரு வாரம் ஒன்றைச் செய்து, அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமான பிறகு அடுத்ததைத் தொடுங்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரவு மறுபடி பயறை ஊறவைத்தால் போதும். சத்தான சாப்பாடு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது, உங்கள் அடுப்பிலேயே ஆகக்கூடியது.